பள்ளிக் குழந்தைகளுக்குக் கைப்பந்து கற்பித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதன்முறையாகக் கைப்பந்து சொல்லித்தர முற்படும் உடற்கல்வி ஆசிரியர்கள், விளையாட்டுப் பொறுப்பை ஏற்றிருக்கும் பிற பாட ஆசிரியர்கள், பெற்றோர் ஆகியோருக்காக இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. எல்லா விடைகளுக்கும் அடிநாதம் ஒன்றே. வலை, களம், பந்து, விதி ஆகிய நான்கையும் குழந்தையின் உயரத்துக்கும் வலிமைக்கும் தக்கபடி மாற்றிக்கொண்டால்தான் பந்து தொடர்ந்து காற்றில் இருக்கும். பந்து காற்றில் இருந்தால்தான் குழந்தை எதையேனும் கற்றுக்கொள்ளும்.

எந்த வயதில் தொடங்கலாம்?

6, 7 வயதிலேயே பந்தோடு பழகத் தொடங்கலாம். ஆனால் அந்த வயதில் நடப்பது கயிற்றுக்கு மேலே எறிந்து பிடிக்கும் விளையாட்டாக மட்டுமே இருக்க வேண்டும். உயரத்திலிருந்து இறங்கும் பந்து எங்கே விழும் என்று முன்கூட்டியே கணிக்கும் திறன் குழந்தைகளுக்குச் சற்றுத் தாமதமாகவே கைவருகிறது. ஆகவே பாஸ் (பந்தைப் பிடிக்காமல் துணைவருக்குத் தட்டி அனுப்புவது), சர்வீஸ் (பந்தை எதிரணிக்கு அடித்து ஆட்டத்தைத் தொடங்குவது) ஆகியவற்றின் முறையான பயிற்சியை 9 அல்லது 10 வயதில் தொடங்குவது பொருத்தமானது. 12 வயதில் முதன்முறையாகப் பந்தைத் தொடும் குழந்தை பின்தங்கிவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. உயரமும் கைவலிமையும் கூடியிருப்பதால் அந்தக் குழந்தை முதல் படிகளை விரைவாகக் கடந்துவிடும்.

மற்ற பந்து விளையாட்டுகளில் தேர்ந்த குழந்தைகள்கூடக் கைப்பந்தில் ஏன் திணறுகிறார்கள்?

கூடைப்பந்தில் பந்தைப் பிடித்து, நின்று, சுற்றிலும் பார்த்து, பிறகு எறியலாம். கால்பந்தில் வரும் பந்தைக் காலடியில் நிறுத்திக்கொள்ளலாம். கைப்பந்தில் பந்தைப் பிடித்து நிறுத்தவும் கூடாது, தரையில் விழவும் விடக் கூடாது. பந்து கையில் பட்டு விலகும் நேரம் கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு என்பதால், அதை எங்கே அனுப்புவது என்ற முடிவை அது வந்து சேர்வதற்கு முன்பே எடுத்து, அதற்கேற்ற இடத்துக்குக் கால்களைக் கொண்டுசென்று, உடலை நிலைநிறுத்திக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இது வளர்ந்தவர்களுக்கே எளிதன்று.

இதிலிருந்து ஆசிரியர் எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் பாடம், கையைத் திருத்துவதற்கு முன் காலைப் பார்ப்பதுதான். பந்து கோணலாகப் போனவுடன் "கையைச் சரியாக வை" என்று சொல்வது நம் வழக்கம். ஆனால் கொஞ்சம் உற்றுக் கவனித்தால், அந்தக் குழந்தை பந்துக்கு ஓர் அடி தள்ளி நின்றபடி கையை மட்டும் நீட்டியிருப்பது தெரியும். ஓர் அடி நகர்ந்திருந்தால் அதே கை சரியாக வேலைசெய்திருக்கும்.

வலையை எவ்வளவு உயரத்தில் கட்ட வேண்டும்? களம் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?

முழு ஆட்டத்தில் வலையின் உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர், களம் 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்டது. 10 வயதுக் குழந்தைக்கு இந்த அளவுகளில் எதுவும் பொருந்தாது. குழந்தை நிமிர்ந்து நின்று கையை உயர்த்தினால் விரல்நுனி வலையின் மேல்விளிம்பைத் தொட வேண்டும் என்பதை எளிய அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கின்படி 9, 10 வயதினருக்கு ஏறத்தாழ 1.75 முதல் 1.85 மீட்டரும், 11, 12 வயதினருக்கு 1.90 முதல் 2.05 மீட்டரும் போதுமானவை.

வலையைத் தாழ்த்தினால் ஆட்டத்தின் தரம் குறைந்துவிடும் என்று தயங்குபவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளலாம். 1895-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் வில்லியம் மார்கன் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது, வளர்ந்த ஆண்கள் ஆடுவதற்காக அவர் வகுத்த வலையின் உயரமே 6 அடி 6 அங்குலம்தான், அதாவது சுமார் 1.98 மீட்டர். ஆடுபவர்கள் உயரவும் திறன் கூடவும் வலையும் உயர்ந்தது.

களத்தைப் பொறுத்தவரை, ஓர் இறகுப்பந்துக் களம் (13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம்) மூவருக்கு மூவர் ஆட்டத்துக்கு மிக நன்றாகப் பொருந்தும். முழுக் கைப்பந்துக் களம் இருந்தால், அதன் 9 மீட்டர் அகலத்தை மூன்றாகப் பிரித்து, ஒரே வலையின் கீழ் மூன்று குறுகிய களங்களை அமைத்துக்கொள்ளலாம். வலையே இல்லாத இடத்தில் இரு கம்பங்களுக்கிடையே நீளமான கயிறு கட்டினால் போதும். கயிறு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதால் அதில் ஆங்காங்கே வண்ணத் துணித்துண்டுகளைத் தொங்கவிடுவது அவசியம்.

எந்தப் பந்தைப் பயன்படுத்துவது?

முழு ஆட்டத்துக்கான பந்தின் சுற்றளவு 65 முதல் 67 சென்டிமீட்டர், எடை 260 முதல் 280 கிராம். தொடக்கநிலையினருக்கு ஏறக்குறைய அதே அளவில், எடை குறைந்த, மேற்புறம் மென்மையான பந்து வேண்டும். மிகாசா, மோல்டன் போன்ற நிறுவனங்கள் குழந்தைகளுக்கென்றே எடை குறைந்த பந்துகளைத் தயாரிக்கின்றன. மார்கன்கூட முதலில் கூடைப்பந்தை வைத்து ஆடிப்பார்த்து, அது கனமாக இருந்ததால் அதன் உட்பையை மட்டும் முயன்று, அது மிக இலேசாகவும் மெதுவாகவும் இருந்ததால், தனியாக ஒரு பந்தைச் செய்து தரச் சொன்னார். ஆடுபவருக்கு ஏற்ற பந்தைத் தேடுவது இந்த ஆட்டத்தின் தொடக்கத்திலேயே இருந்திருக்கிறது.

எடையைப் போலவே காற்றழுத்தத்தையும் கவனிக்க வேண்டும். விதிப்படி பந்தின் உள்ளழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோகிராம் வரைதான். அழுத்தமானி இல்லாதபோது அளவுக்கு மீறிக் காற்றடித்துவிடுவது எளிது. கட்டைவிரலால் அழுத்தினால் பந்து சற்றே உள்வாங்க வேண்டும். உள்வாங்க மறுத்தால் கொஞ்சம் காற்றை வெளியேற்றிவிடுங்கள். மிகச் சிறிய குழந்தைகளுக்கு முதல் சில வகுப்புகளில் பலூன் தரலாம். அது மெதுவாக இறங்குவதால் கீழே போய் நிற்க அவகாசம் கிடைக்கிறது.

முதல் வகுப்பில் எதைச் சொல்லித்தருவது?

பாஸையும் சொல்லித்தர வேண்டாம், சர்வீஸையும் சொல்லித்தர வேண்டாம். இருவருக்கு இருவராகப் பிரித்து, கயிற்றுக்கு மேலே எறிந்து பிடிக்கும் ஆட்டத்தை ஆட விடுங்கள். பந்து தரையில் விழுந்தால் எதிரணிக்கு ஒரு புள்ளி என்ற ஒரே விதி போதும். கொஞ்ச நேரம் கழித்து, பந்தை நெற்றிக்கு மேலே இரு கைகளாலும் பிடித்து, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்ற இரண்டாவது விதியைச் சேருங்கள். இந்த ஒரு விதியால் குழந்தைகள் ஓடிப்போய்ப் பந்துக்கு நேர் கீழே நிற்கத் தொடங்குவார்கள். எதிரணியில் எங்கே வெற்றிடம் இருக்கிறது என்று பார்த்து எறியவும் தாமாகவே கற்றுக்கொள்வார்கள். பின்னர் பாஸ் பழகும்போது தேவைப்படும் கண்ணும் காலும் இந்த ஆட்டத்திலேயே பாதி தயாராகிவிடுகின்றன.

அண்டர்ஆர்ம் பாஸை எப்படிப் படிப்படியாகக் கற்பிப்பது?

முதலில் கைகளைச் சேர்க்கும் முறை. ஒரு கையின் விரல்களுக்கு மேல் மற்றக் கையின் விரல்களை வைத்து, இரு கட்டைவிரல்களும் அருகருகே இணையாக இருக்கும்படி சேர்க்க வேண்டும்; விரல்களைப் பின்னிக்கொள்ளக் கூடாது. பிறகு கட்டைவிரல் நுனிகள் தரையை நோக்கும்படி மணிக்கட்டுகளைக் கீழே வளைத்தால் முழங்கைகள் தாமாகவே நீண்டு பூட்டிக்கொள்ளும். "முழங்கையை நீட்டு" என்று பத்து முறை சொல்வதைவிட "கட்டைவிரலால் தரையைக் காட்டு" என்று ஒருமுறை சொல்வது பயன் தரும். பந்து படவேண்டிய இடம் மணிக்கட்டுக்கு மேலே 5 முதல் 10 சென்டிமீட்டர் வரையிலான, முன்கையின் சதைப்பற்றான உட்பகுதி. அந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு வரைந்துவிட்டால் பந்து எங்கே பட்டது என்று குழந்தையே பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது நிற்கும் நிலை. பாதங்கள் தோள் அகலத்தைவிடச் சற்று விரிந்தும், ஒன்று சற்றே முன்னாலும் இருக்க, முழங்கால்கள் மடங்கி, உடலின் எடை முன்பாதங்களில் இருக்க வேண்டும். பந்து முன்கையில் படும் நேரத்தில் மடங்கிய கால்கள் மெல்ல நிமிர்வதே பந்துக்கு வேண்டிய விசையைத் தருகிறது. கைகள் வீசப்படுவதில்லை, தோளிலிருந்து சிறிதளவு உயர்ந்து, தோள்மட்டத்துக்குக் கீழேயே நின்றுவிடுகின்றன. பந்தை உயரே அனுப்ப வேண்டும் என்ற ஆர்வத்தில் குழந்தைகள் கையை ஓங்கி வீசுவார்கள். எடை குறைந்த பந்தும் குறைந்த தூரமும் இருந்தால் அந்தத் தேவையே அவர்களுக்கு எழாது.

பயிற்சியை இருவர் இருவராக, 3 மீட்டர் இடைவெளியில் தொடங்கலாம். ஒருவர் இரு கைகளாலும் கீழிருந்து மென்மையாக எறிய, மற்றவர் முதலில் பாஸ் செய்யாமல், பாஸ் செய்யும் நிலையிலேயே உட்கார்வதுபோல் தாழ்ந்து, முழங்கால்களுக்கு முன்னே பந்தைப் பிடிக்கட்டும். அந்த இடத்தில் தொடர்ந்து பிடிக்க முடிந்த பின், அதே இடத்தில் முன்கையால் திருப்பி அனுப்பி, எறிந்தவரே பிடித்துக்கொள்ளட்டும். பின்னர் ஓர் அடி வலப்புறமும் ஓர் அடி இடப்புறமுமாக எறிந்து நகர வைக்கலாம். ஓடும்போதே கைகளைச் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் தொற்றிக்கொள்ளும் கட்டம் இதுதான். கைகளைப் பிரித்தே ஓடி, நின்ற பிறகு சேர்க்க வேண்டும் என்பதில் இங்கே கண்டிப்பாக இருங்கள். பந்து வருவதற்குள் முதுகுக்குப் பின்னால் ஒருமுறை கைதட்டிவிட்டு வர வேண்டும் என்று வைத்தால் குழந்தைகள் சிரித்துக்கொண்டே அதைப் பழகிவிடுவார்கள்.

பந்து போகும் திசையே தவறைச் சொல்லிவிடும். பந்து தலைக்குப் பின்னால் போனால் கை தோளுக்கு மேலே சுழன்றிருக்கிறது. தாழ்வாக முன்னே பாய்ந்தால் கைகள் தரையை நோக்கித் தொங்கியிருக்கின்றன. பக்கவாட்டில் தெறித்தால் ஒரு முன்கை மற்றொன்றைவிட உயர்ந்திருக்கிறது, அல்லது ஒரு முழங்கை மடங்கியிருக்கிறது. இதைக் குழந்தைகளுக்கே சொல்லிக்கொடுத்துவிட்டால், ஆசிரியர் அருகில் இல்லாதபோதும் ஒருவரையொருவர் திருத்திக்கொள்வார்கள்.

கை சிவந்து வலிக்கிறது என்று குழந்தைகள் சொல்கிறார்கள். என்ன செய்வது?

அதை அலட்சியப்படுத்தாதீர்கள். முதல் சில வகுப்புகளில் வலியோடு பழகிய குழந்தை பந்து வரும்போது கையை இழுத்துக்கொள்ளவும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் கற்றுக்கொள்கிறது. பிறகு அதைப் போக்குவது கடினம். பந்து மென்மையானதாக இருக்கிறதா, காற்று அதிகமாக இருக்கிறதா, பந்து மணிக்கட்டு எலும்பில் படுகிறதா என்று மூன்றையும் பாருங்கள். முழுக்கைச் சட்டை அணிவது உதவும். தொடர்ந்து அரை மணி நேரம் பாஸ் மட்டுமே செய்ய வைக்காமல், இடையிடையே விரல் பாஸையோ (பந்தை நெற்றிக்கு மேலே விரல்நுனிகளால் அனுப்புவது) சர்வீஸையோ கொடுத்து முன்கைக்கு ஓய்வு தருவதும் நல்லது.

விரல் பாஸில் பந்து கையில் நின்றுவிடுகிறது, அல்லது அறைபடுகிறது. இதை எப்படிச் சரிசெய்வது?

இந்த இரண்டும் பெரும்பாலும் கைகளின் வடிவத்திலும் உயரத்திலும் ஏற்படும் தவறுகள். கைகளை நெற்றிக்குச் சற்று முன்னே, ஒரு சாண் உயரத்தில் வைத்து, இரு ஆள்காட்டி விரல்களும் இரு கட்டைவிரல்களும் சேர்ந்து ஒரு முக்கோணத்தை அமைக்கும்படி, ஆனால் ஒன்றையொன்று தொடாதபடி வைக்கச் சொல்லுங்கள். அந்த முக்கோணத்தின் வழியாகக் குழந்தை வரும் பந்தைப் பார்க்க வேண்டும். கட்டைவிரல்கள் குழந்தையின் முகத்தை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். அவை பந்தை நோக்கி முன்னே நீட்டியிருந்தால் விரல்மூட்டில் அடிபடும். குழந்தைகளுக்கு விரல் பிசகுவது பெரும்பாலும் இப்படித்தான். உள்ளங்கை பந்தில் படவே கூடாது. பத்து விரல்களின் மென்மையான நுனிப்பகுதிகள் மட்டுமே பட வேண்டும்.

முதலில் பந்தைத் தானே மேலே எறிந்து, மேற்சொன்ன வடிவத்தில் நெற்றிக்கு மேலே பிடித்து, அப்படியே அசையாமல் நின்று, விரல்கள் எங்கே இருக்கின்றன என்று நிமிர்ந்து பார்க்கட்டும். பல குழந்தைகளின் ஒரு கை பந்தின் பக்கவாட்டிலும் மற்றொரு கை அடியிலும் இருக்கும். அதைக் கண்ணால் கண்டபின் தாமாகவே மாற்றிக்கொள்வார்கள். அடுத்து, பிடித்த இடத்திலிருந்தே முழங்கைகளையும் முழங்கால்களையும் ஒருசேர நிமிர்த்திப் பந்தைத் துணைவருக்கு அனுப்ப வேண்டும். அதன்பின் பிடிக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் பிடிப்பது மறைந்து பாஸ் மட்டும் எஞ்சும். இந்த இடைக்காலத்தில் பந்து சற்றே கையில் தங்குவதைக் குற்றமாகக் கருதி விசில் ஊதாதீர்கள். நடுவரின் கண்ணோடு பார்க்க வேண்டிய நேரம் அதுவன்று.

சுவரில் 2 மீட்டர் உயரத்துக்கு மேலே ஒரு வட்டம் வரைந்து, ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று தொடர்ந்து விரல் பாஸ் செய்வது தனியாகச் செய்யத்தக்க மிகச் சிறந்த பயிற்சி.

அண்டர்ஆர்ம் பாஸ், விரல் பாஸ் இவற்றுள் எதை முதலில் சொல்லித்தர வேண்டும்?

ஆசிரியர்களிடையே இதில் இருவேறு கருத்துகள் உண்டு. எறிந்து பிடிக்கும் ஆட்டத்திலிருந்து தொடங்குபவர்களுக்கு விரல் பாஸே இயல்பான அடுத்த படி என்பது என் எண்ணம். பந்து கண்ணுக்கு முன்னே, மேலே இருப்பதால் குழந்தை அதைத் தொடர்ந்து பார்க்க முடிகிறது. ஆனால் வேகமாகவும் தாழ்வாகவும் வரும் பந்தை விரலால் எடுக்க முடியாது என்பதால், சர்வீஸ் தொடங்குவதற்கு முன் அண்டர்ஆர்ம் பாஸ் வந்திருக்க வேண்டும்.

சர்வீஸை எங்கிருந்து தொடங்குவது?

வலையிலிருந்து 3 அல்லது 4 மீட்டர் தள்ளி, அண்டர்ஆர்ம் சர்வீஸிலிருந்து தொடங்க வேண்டும். வலக்கையால் அடிப்பவர் இடக்காலை முன்னே வைத்து, இடக்கையில் பந்தை இடுப்பு உயரத்தில், அடிக்கும் கையின் பாதைக்கு நேராக ஏந்திக்கொள்ள வேண்டும். வலக்கை ஊஞ்சலைப் போலப் பின்னே போய் நேராக முன்னே வர, உடல் எடை பின்காலிலிருந்து முன்காலுக்கு மாற, உள்ளங்கையின் அடிப்பகுதி பந்தின் கீழ்ப்புறத்தில் பட வேண்டும். பந்தைக் கையில் வைத்தபடியே அடிப்பது விதிக்கு மாறானது; அடிபடுவதற்குச் சற்று முன் ஏந்தும் கை விலகிக்கொள்ள வேண்டும். அதற்காக உயரே தூக்கிப்போட்டால் குழந்தைக்கு அடிக்கும் நேரம் தவறிவிடும். ஐந்து சர்வீஸ்களில் நான்கு வலையைத் தாண்டினால் ஓரடி பின்னே போகலாம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டால் ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் முன்னேறும். 9 மீட்டர் தொலைவிலுள்ள கடைக்கோட்டுக்கு எல்லாரும் ஒரே நாளில் போய்ச் சேர வேண்டிய அவசியமில்லை.

தலைக்கு மேலிருந்து அடிக்கும் சர்வீஸுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. கடைக்கோட்டிலிருந்து ஒரு டென்னிஸ் பந்தைத் தலைக்கு மேலாக ஓங்கி வலைக்கு அப்பால் எறிய முடிகிறதா என்று பாருங்கள். தோளின் அசைவு ஏறக்குறைய அதேதான். எறிய முடிந்தால் தொடங்கலாம். முடியாவிட்டால் எறிதலையே இன்னும் சில வாரங்கள் பழகட்டும்.

ஆட்டத்தின்போது ஒரு சிக்கல் எழும். நன்றாகச் சர்வீஸ் போடும் ஒரு குழந்தை தொடர்ந்து பத்துப் புள்ளிகளை எடுத்துவிட, மற்ற அனைவரும் சும்மா நின்றுகொண்டிருப்பார்கள். ஒருவர் தொடர்ந்து மூன்று முறை மட்டுமே சர்வீஸ் போடலாம் என்று வரம்பு வைத்தால் இது தீரும்.

ஸ்மாஷை (குதித்துப் பந்தை மறுபக்கம் ஓங்கி அடிப்பதை) எப்போது கற்பிக்கலாம்? குழந்தைகள் முதல் நாளிலிருந்தே அதைத்தான் கேட்கிறார்கள்.

அந்த ஆசையை அடக்க வேண்டாம். குதிக்காமல், நின்ற இடத்திலேயே, பந்தைத் தரையில் அடித்துச் சுவரில் மோதித் திரும்ப வரச் செய்வதை முதல் மாதத்திலேயே தொடங்கலாம். திறந்த உள்ளங்கையால், மணிக்கட்டை மடக்கி அடிக்க வேண்டும் என்பது அப்போதே பதிந்துவிடும். அடிக்கக் குதிப்பதற்கு முன் ஓடிவரும் ஓட்டத்தைத் தனியாக, பந்தில்லாமல் பழக வேண்டும். வலக்கையால் அடிப்பவருக்கு இடம், வலம், இடம் என்ற மூன்று அடிகள். கடைசி இரண்டும் விரைவாக அடுத்தடுத்து விழ வேண்டும். இறங்கும்போது இரு கால்களும் ஒன்றாகத் தரையில் பட, முழங்கால்கள் மடங்க வேண்டும். ஒற்றைக் காலில் இறங்கும் குழந்தையை உடனே நிறுத்தித் திருத்துங்கள்.

வேகமாக வளரும் வயதில் முழங்கால் சில்லுக்குக் கீழே, முன்னெலும்பின் மேல்முனையில் வலி வருவது, குதிக்கும் விளையாட்டுகளில் அடிக்கடி காணப்படுவது. அப்படிச் சொல்லும் குழந்தையைக் குதிக்க வைக்காமல் பாஸ், சர்வீஸ் பயிற்சியில் ஈடுபடுத்தி, வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். பிளாக் செய்வதை, அதாவது எதிரணி அடிக்கும் பந்தை வலையருகே குதித்துக் கைகளால் தடுப்பதை, இந்த நிலையில் கற்பிக்க வேண்டியதில்லை.

ஒரே வகுப்பில் 40 குழந்தைகள், 6 பந்துகள், ஒரு களம். எப்படிச் சமாளிப்பது?

பெரும்பாலான பள்ளிகளின் உண்மை நிலை இதுதான். வரிசையாக நிற்கவைத்து ஆசிரியர் ஒவ்வொருவருக்காகப் பந்து போடும் முறையை முதலில் கைவிட வேண்டும். அதில் ஒரு குழந்தை ஒருமுறை பந்தைத் தொட்டுவிட்டு வரிசையின் கடைசிக்குப் போனால், மறுமுறை தொடுவதற்குள் முன்னே செய்தது என்ன என்பதே மறந்துவிடும்.

இதற்கு மாற்றாக, ஒரு பந்துக்கு ஆறு அல்லது ஏழு பேர் என்று ஆறு குழுக்களாகப் பிரித்துவிடலாம். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் எறிபவர், ஒருவர் பாஸ் செய்பவர், ஒருவர் பாஸ் வந்து சேரும் இடத்தில் நின்று பிடிப்பவர். பிடித்தவர் பந்தை எறிபவரிடம் உருட்டிவிட வேண்டும். மற்ற மூவர் அல்லது நால்வருக்கும் வேலை உண்டு. ஒருவர் பாஸ் செய்பவரின் கால்களை மட்டும் கவனித்து, பந்து வருவதற்கு முன் நின்றாரா என்று சொல்ல வேண்டும். ஒருவர் எண்ண வேண்டும். எஞ்சியவர்கள் பக்கத்தில் பந்தில்லாமல் அதே அசைவைச் செய்ய வேண்டும். ஐந்து பாஸ்களுக்கு ஒருமுறை எல்லாரும் ஓர் இடம் நகர்ந்துகொள்ளலாம். கவனிக்கும் வேலையைக் கொடுத்த குழந்தை, தன் முறை வரும்போது தெளிவாகவே மேம்பட்டு ஆடுவதைக் காணலாம்.

மற்றொரு வழி, களத்தில் மூன்று குறுகிய ஆட்டங்கள் நடக்க, களத்துக்கு வெளியே சுவர்ப் பயிற்சி, சர்வீஸை இலக்கில் விழவைக்கும் பயிற்சி, பந்தில்லா ஓட்டப் பயிற்சி என்று மூன்று இடங்களை அமைத்து, எட்டு நிமிடங்களுக்கு ஒருமுறை குழுக்களை மாற்றுவது. பந்துகள் குறைவாக இருந்தால் சர்வீஸ் பயிற்சியில் ஒரே பந்தை இரு பக்கமும் மாறி மாறி அனுப்பிக்கொள்ளலாம்.

45 நிமிட வகுப்பை எப்படிப் பிரிப்பது?

6 அல்லது 7 நிமிடங்கள் உடலைச் சூடேற்றும் ஓட்டமும் பந்துடன் கூடிய துரத்தல் விளையாட்டும், 15 நிமிடங்கள் ஒரே ஒரு திறனுக்கான பயிற்சி, குறைந்தது 18 நிமிடங்கள் ஆட்டம், எஞ்சிய நேரம் தளர்வுப் பயிற்சிக்கும் பந்துகளை எடுத்துவைப்பதற்கும் என்று பிரிக்கலாம். ஆட்ட நேரத்தை எக்காரணம் கொண்டும் குறைக்க வேண்டாம்.

பந்து இருவருக்கும் நடுவே விழும்போது, இருவரும் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். ஏன்?

ஒருவர் மற்றவர் எடுப்பார் என்று எண்ணுவதுதான் காரணம். இதற்கு ஒரே மருந்து குரல். பந்து வலையைத் தாண்டுவதற்கு முன்பே, எடுக்கப்போகிறவர் "எனக்கு!" என்று உரக்கச் சொல்ல வேண்டும். கூச்சமுள்ள குழந்தைகளுக்கு இது பாஸைவிடக் கடினம். ஆகவே குரல் கொடுக்காமல் எடுத்த பந்துக்குப் புள்ளி கிடையாது என்று சில நாட்களுக்கு வைத்துப் பாருங்கள். இரண்டே வகுப்புகளில் களம் சத்தமாக மாறிவிடும். அந்தச் சத்தம் நல்லது, அடக்க வேண்டாம். இருவரும் ஒரே நேரத்தில் குரல் கொடுத்தால் முன்னோக்கி வருபவருக்கே பந்து என்று முன்கூட்டியே முடிவு செய்துவைத்தால் மோதலையும் தவிர்க்கலாம்.

எந்தெந்த விதிகளை முதலில் சொல்ல வேண்டும்?

ஓர் அணி மூன்று முறைக்குள் பந்தை மறுபக்கம் அனுப்ப வேண்டும், ஒருவரே அடுத்தடுத்து இருமுறை தொடக் கூடாது, கோட்டில் விழுந்த பந்து உள்ளே விழுந்ததாகும், வலையைத் தொடக் கூடாது. தொடக்கத்தில் இந்த நான்கே போதும். மூன்று தொடுகை என்ற வரம்பே ஆட்டம் தோன்றிக் கால் நூற்றாண்டு கழித்து, 1920-இல்தான் வந்தது. ஆகவே மிகச் சிறிய குழந்தைகளுக்கு அந்த வரம்பையும் தளர்த்தி, எத்தனை முறை வேண்டுமானாலும் தொடலாம் என்று வைப்பதில் தவறில்லை. ஒருமுறை பந்து தரையில் குதித்தபின் எடுக்கலாம் என்பதும் நல்ல தற்காலிக விதி. சுழற்சி (ஆடுபவர்கள் முறைப்படி இடம் மாறுவது), இடநிலை (சர்வீஸின்போது யார் எங்கே நிற்பது), தாக்குதல் கோடு (பின்வரிசையினர் வலையருகே குதித்துத் தாக்குவதற்கு எல்லை வகுக்கும் கோடு) ஆகியவை பிறகு வரட்டும்.

பந்து வந்தவுடனே முதல் தொடுகையிலேயே மறுபக்கம் தள்ளிவிடும் பழக்கத்தை மாற்ற, மூன்று தொடுகைகளில் அனுப்பி வென்ற புள்ளியை இரண்டாகக் கணக்கிடுங்கள். இரண்டாவது தொடுகையில் பந்தை அடிப்பவருக்கு எடுத்துக்கொடுக்கும் செட்டரின் தேவை குழந்தைகளுக்குத் தாமாகவே விளங்கத் தொடங்கும்.

நன்றாக ஆடும் ஒருவரே எல்லாப் பந்தையும் எடுத்துக்கொள்கிறார். என்ன செய்யலாம்?

அணியைச் சிறிதாக்குங்கள். ஆறு பேரில் ஒளிந்துகொள்ள முடியும், இருவரில் முடியாது. திறன் ஒத்தவர்களை எதிரெதிரே நிறுத்துவதும், நன்றாக ஆடுபவருக்கு இரண்டாவது தொடுகையை மட்டும் ஒதுக்கி, மற்றவர்களுக்குப் பந்தை எடுத்துக்கொடுக்கும் பொறுப்பைத் தருவதும் உதவும். அவரைத் திட்டவோ வெளியே உட்கார வைக்கவோ வேண்டாம். பந்தின் மீதான அவருடைய பசி நல்ல பசிதான்.

காயங்களைத் தவிர்க்க எவற்றைக் கவனிக்க வேண்டும்?

களத்தில் உருண்டு வரும் பந்தின் மீது கால்வைத்துக் கணுக்கால் பிசகுவதுதான் நான் மிகவும் அஞ்சும் விபத்து. பல ஆட்டங்கள் அருகருகே நடக்கும்போது யாருடைய பந்து உருண்டாலும் பார்த்தவர் "பந்து!" என்று கத்த வேண்டும், கேட்டவர்கள் அனைவரும் அப்படியே நின்றுவிட வேண்டும், இதை முதல் வகுப்பிலேயே இரண்டு மூன்று முறை ஒத்திகை பாருங்கள். வலைக்கு அடியில் மறுபக்கம் ஓடிப் பந்தெடுப்பதைத் தடைசெய்யுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைத்து, நகங்களை வெட்டியிருக்க வேண்டும். கம்பங்களைச் சுற்றி மென்மையான உறை வேண்டும். கம்பத்தை இழுத்துக் கட்டிய கம்பிகள் இருந்தால் அவை கண்ணுக்குத் தெரியும்படி துணி சுற்றுங்கள். பிசகிய விரலை ஒருபோதும் இழுத்துவிடாதீர்கள்; குளிர்ந்த ஒத்தடம் கொடுத்து அசையாமல் வைத்து, வீக்கம் கூடினால் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

நடக்கவோ குதிக்கவோ இயலாத குழந்தை வகுப்பில் இருந்தால்?

அமர்வுக் கைப்பந்து என்ற ஆட்டமே இருக்கிறது. அது 1980-ஆம் ஆண்டு முதல் பாராலிம்பிக் போட்டிகளில் ஆடப்பட்டு வருகிறது. களம் 10 மீட்டருக்கு 6 மீட்டர். வலை ஆண்களுக்கு 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05 மீட்டர். பந்தை ஆடும்போது இடுப்புப் பகுதி தரையைவிட்டு எழக் கூடாது என்பதே முக்கிய விதி. அந்தக் குழந்தையைப் புள்ளி எண்ண உட்காரவைக்காமல், வகுப்பு முழுவதையும் அமர்ந்து ஆடச் சொல்லுங்கள். மற்றக் குழந்தைகளுக்கும் இது கடும் சவால்தான். கால்களைப் பயன்படுத்த முடியாத நிலையில் கைகளின் கோணமும் முன்கணிப்பும் மட்டுமே துணை என்பதால், எல்லாருடைய பாஸும் இதனால் செம்மைப்படும்.

குழந்தைகளின் முன்னேற்றத்தை எப்படி மதிப்பிடுவது?

சுவரில் தொடர்ச்சியாக எத்தனை பாஸ் என்ற எண்ணிக்கையை மாதம் ஒருமுறை குறித்துவைக்கலாம். ஆனால் அதை ஒரு குழந்தையை மற்றொரு குழந்தையோடு ஒப்பிடப் பயன்படுத்தாதீர்கள். அதைவிட நல்ல அளவுகோல், ஆட்டத்தின்போது பந்து வலையை எத்தனை முறை தாண்டித் தாண்டி வருகிறது என்பது. இரு அணிகளும் சேர்ந்து ஒரு பந்தை எத்தனை முறை காற்றில் வைத்திருக்கின்றன என்று எண்ணி, வகுப்பின் சாதனையாகப் பலகையில் எழுதிவைத்தால், திறன் குறைந்த குழந்தைக்கு நல்ல பந்தை அனுப்பும் அக்கறை திறனுள்ளவர்களுக்கும் வந்துவிடும்.

அறுவர் ஆடும் முழு ஆட்டத்துக்கு எப்போது மாறலாம்?

நால்வருக்கு நால்வர் ஆட்டத்தில், சர்வீஸை எடுத்து, இரண்டாவது தொடுகையைச் செட்டரிடம் சேர்த்து, மூன்றாவதில் மறுபக்கம் அனுப்புவது பத்துக்கு நான்கைந்து முறையாவது நடக்கத் தொடங்கினால் மாறலாம். பெரும்பாலும் இது 13, 14 வயதில் நிகழும். அப்போது கடிகாரச் சுற்றுத் திசையில் நகரும் சுழற்சியையும், வலையிலிருந்து 3 மீட்டர் தொலைவிலுள்ள தாக்குதல் கோட்டின் பொருளையும் கற்றுத்தர வேண்டும். மாறும்போது வலையையும் களத்தையும் ஒரே நேரத்தில் பெரிதாக்க வேண்டாம். முதலில் களத்தை விரித்து, சில வாரங்கள் கழித்து வலையை ஒவ்வொரு தடவையும் 5 சென்டிமீட்டர் அளவில் உயர்த்திக்கொண்டே போகலாம். பந்து தரையில் விழுவது திடீரென்று கூடினால் முந்தைய உயரத்துக்கே திரும்பிவிடுங்கள்.